வீட்டுக்குப் பின்னால் வேட்டை நிலம்

கேள்வி இதுதான்: "பென்சில்வேனியாவில் வீடு பார்த்திருக்கிறோம். கொல்லைக்கு அந்தப் பக்கம் வரைபடத்தில் 'ஸ்டேட் கேம் லேண்ட்ஸ்' என்று பெரிய பச்சைத் திட்டு. வேட்டைக்கான அரசு நிலமாம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே நடக்கப் போகலாமா? அதைவிட, அரசாங்கமே நிலம் வாங்கிப் போட்டு 'வாங்க, சுடுங்க' என்று சொல்வது என்ன கணக்கு?"

முதல் கேள்விக்குப் பதில் சுருக்கம்: போகலாம். காசு கிடையாது, டிக்கெட் கிடையாது. வருஷத்தில் சில வாரங்கள் மட்டும் கொஞ்சம் புத்தியோடு போக வேண்டும்; அதைக் கடைசியில் சொல்கிறேன். இரண்டாவது கேள்விக்குத்தான் நீளமான பதில். நான் துப்பாக்கி பிடித்தவன் இல்லை. பறவை பார்க்கப் போய், அந்த நிலம் ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டவன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இந்த மாநில அரசின் காடு மூன்று வகை: ஸ்டேட் பார்க், ஸ்டேட் ஃபாரஸ்ட், ஸ்டேட் கேம் லேண்ட்ஸ். முதல் இரண்டும் ஒரே துறையின் கீழ். மேசை, கழிப்பறை, கூடாரம் போடும் இடமெல்லாம் பார்க்கில் கிடைக்கும். கேம் லேண்ட்ஸ் வேறு ஆள் கையில் இருக்கிறது. பென்சில்வேனியா கேம் கமிஷன் என்று 1895-ல் உண்டான ஆணையம் ஒன்று இருக்கிறது. நிலம் அதற்குச் சொந்தம். அங்கே போனால் ஜல்லி கொட்டிய வண்டி நிறுத்துமிடம், குறுக்கே ஒரு இரும்புக் கேட், ஒரு பலகை, அவ்வளவுதான். கழிப்பறை தேடாதீர்கள். கூடாரம் போடவும் கூடாது. ஊடே போகும் அப்பலாச்சியன் நெடும்பாதையில் மாதக்கணக்காக நடக்கிறவர்களுக்கு மட்டும் ஓர் இரவு தங்கச் சலுகை உண்டு. வேட்டை கேம் லேண்ட்ஸில் மட்டும்தான் என்றும் நினைத்துவிட வேண்டாம். ஸ்டேட் ஃபாரஸ்ட்டிலும், பார்க்குகளில் பலவற்றிலும் பருவத்தில் வேட்டை உண்டு. அங்கே அது பல வேலைகளில் ஒன்று. கேம் லேண்ட்ஸில் நிலத்தை வாங்கியதே அதற்காக.

மொத்தம் 15 லட்சம் ஏக்கருக்கு மேல், 300-க்கும் அதிகமான துண்டுகளாக. மாநிலத்தின் 67 மாவட்டங்களில் 65-ல் ஒரு துண்டாவது இருக்கும். ஃபிலடெல்ஃபியாவிலும் அதையொட்டிய டெலவேர் மாவட்டத்திலும் மட்டும் கிடையாது.

இதெல்லாம் எப்படி வந்தது என்று பார்க்க, 1890-களுக்குப் போக வேண்டும். இன்றைக்குப் பச்சையாகத் தெரியும் மலையெல்லாம் அப்போது மொட்டை. பலகைக்கும், தோல் பதனிட உதவும் ஹெம்லாக் மரத்துப் பட்டைக்கும், சுரங்கத்துக்கு முட்டுக் கொடுக்கவும் வெட்டித் தள்ளிவிட்டார்கள். மிச்சமிருந்த விலங்கை நகரத்துச் சந்தைக்குச் சுட்டு ரயிலேற்றினார்கள். எல்க் என்ற பெரிய மான் 1870-களோடு இங்கே தீர்ந்தது. ஓநாயும் மலைச் சிங்கமும் போயின. வானத்தை மறைத்துப் பறந்ததாகச் சொல்லும் பயணிப் புறா இந்த மலைக்காடுகளில் கூட்டம் கூட்டமாகக் கூடு கட்டியது. அந்த இனத்தின் கடைசிப் பறவை 1914-ல் சின்சினாட்டி மிருகக்காட்சிசாலையில் செத்தது. வாலை உயர்த்தினால் வெள்ளையாகத் தெரியும் சாதாரண மான், இன்றைக்கு உங்கள் ரோஜாச் செடியைத் தின்னப்போகிறதே, அதுகூட 1900 வாக்கில் கண்ணில் படுவது அபூர்வம். 1906-ல் மிச்சிகனிலிருந்து மான் வாங்கிக் கொண்டுவந்து விட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சந்தைக்குச் சுடுவதை நிறுத்து, பருவம் வை, ஆளுக்கு இத்தனை என்று அளவு வை என்று கேட்டவர்களில் பெரும்பாலோர் வேட்டைக்காரர்கள். இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். யோசித்தால் ஆச்சரியம் இல்லை. குளத்தில் மீன் தீர்ந்தால் முதலில் தெரிவது தூண்டில்காரனுக்குத்தானே. 1913-ல் உள்ளூர்க்காரர்களுக்கும் லைசென்ஸ் கட்டாயம் ஆயிற்று, ஒரு டாலர். அந்தக் காசு சேர்ந்ததும், 1920-ல் எல்க் மாவட்டத்தில் 6,288 ஏக்கர் வாங்கினார்கள். ஏக்கர் 2.75 டாலர். கேம் லேண்ட்ஸின் முதல் துண்டு அதுதான். எண் மட்டும் ஏனோ 25.

விலையைக் கவனியுங்கள். மரம் வெட்டி முடித்து, யாருக்கும் வேண்டாம் என்று கிடந்த மலை. அதற்கப்புறமும் நெடுங்காலம், ஏக்கருக்கு 400 டாலருக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று சட்டமே ஆணையத்தின் கையைக் கட்டியிருந்தது. அதனால்தான் கேம் லேண்ட்ஸ் பெரும்பாலும் மலை முகட்டிலும் சதுப்பிலும், உழுவதற்கு லாயக்கில்லாத கல்லிலும் இருக்கிறது. நல்ல பள்ளத்தாக்கு மண் முழுக்க விவசாயி கையில்.

இப்போது காசு விஷயம். உங்கள் கேள்வியில் "அரசாங்கமே காசு போட்டு" என்ற எண்ணம் இருக்கிறது, சிக்கல் அங்கேதான். இந்த ஆணையத்துக்கு மாநிலத்தின் பொது வரிப்பணத்திலிருந்து பங்கு கிடையாது. லைசென்ஸ் கட்டணம், நிலத்தில் வெட்டி விற்கும் மரம், அடியில் இருக்கும் எரிவாயுவுக்கும் எண்ணெய்க்கும் நிலக்கரிக்கும் வரும் குத்தகைப் பணம், அப்புறம் மத்திய அரசு வழியாக வரும் ஒரு வரி. அந்த வரிதான் சுவாரசியமானது.

1937-ல் பிட்மன்–ராபர்ட்சன் சட்டம் என்று ஒன்று வந்தது. இரண்டும் அதைக் கொண்டுவந்த காங்கிரஸ் உறுப்பினர்களின் பெயர். நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீதம் தயாரிப்பாளரிடமே வசூல். கைத்துப்பாக்கியும் வில்-அம்பும் பிற்பாடு சேர்ந்தன. கைத்துப்பாக்கிக்கு 10 சதவீதம். இந்தப் பணம் மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது: பாதி பரப்பளவைப் பார்த்து, பாதி லைசென்ஸ் வாங்கியவர்களின் தலைக்கணக்கைப் பார்த்து. மாநிலம் ஒரு டாலர் வைத்தால் மூன்று டாலர் வரும். கூடவே ஒரு கண்டிப்பு: லைசென்ஸ் கட்டணத்தை வனவிலங்குத் துறையைத் தவிர வேறு எதற்கும் திருப்பினால் இந்தப் பணம் நின்றுவிடும். ரோடு போட, பள்ளிக்கூடம் கட்ட என்று எந்த ஆளுநரும் அதில் கை வைக்க முடியாது. நம் ஊரில் கோயில் உண்டியல் பணம் எங்கே போகிறது என்று சண்டை போடுகிறோமே, அந்தச் சண்டைக்கு இவர்கள் 1937-லேயே பூட்டுப் போட்டுவிட்டார்கள்.

ஆக, உங்கள் கொல்லைக்குப் பின்னால் இருக்கும் காட்டுக்குக் காசு கொடுத்தவர் வேட்டைக்காரர். நீங்களும் நானும் இலவசமாக நடக்கிறோம்.

சரி, வாங்கிய நிலத்தில் என்ன செய்கிறார்கள்? சும்மா விட்டுவைப்பதில்லை. நான் முதல் தடவை போனபோது, ஒரு மைல் உள்ளே, காட்டின் நடுவில் பெரிய பரப்பில் மரத்தையெல்லாம் வெட்டிச் சாய்த்திருந்தது. அடிக்கட்டைகளும் கிளைக் குப்பையும் தவிர ஒன்றுமில்லை. யாரோ திருட்டுத்தனமாக வெட்டிவிட்டார்கள் என்றே நினைத்தேன், கோபம்கூட வந்தது. என் பக்கத்து வீட்டுக்காரர், ஐம்பது வருஷமாக வேட்டைக்குப் போகிறவர், சிரித்தார். "மூணு வருஷம் கழிச்சு ஏப்ரல்ல, இருட்டுற நேரத்துல போய் நில்லு" என்றார்.

போய் நின்றேன். வெட்டிய இடம் முழுக்க இடுப்பளவுப் புதர், முள், ஓக் கன்று. வெளிச்சம் மங்கி, புத்தகத்தைப் படிக்க முடியாது என்கிற நேரம் வந்ததும், தரையிலிருந்து மூக்கால் பேசுவதுபோல ஒரு "பீன்ட்". கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. பிறகு கையளவு குண்டுப் பறவை ஒன்று விர்ரென்று கிளம்பி, சுழன்று சுழன்று மேலே போய், கண்ணுக்குத் தெரியாத உயரத்திலிருந்து நீர்த்துளி சிதறுவதுபோலக் கூவிக்கொண்டு புறப்பட்ட இடத்திலேயே வந்து இறங்கிற்று. உட்காக். நம் உள்ளானுக்குச் சொந்தக்காரப் பறவை. அதற்கு வளர்ந்த காடு ஆகாது. வெட்டிப் பத்துப் பதினைந்து வருஷத்துக்குள் இருக்கும் புதர்க்காடு வேண்டும். பொன்னிறச் சிறகுள்ள ஒரு கதிர்குருவி இருக்கிறது, எண்ணிக்கை மளமளவென்று குறைந்துகொண்டிருப்பது. அதற்கும் இதே புதர்தான் வீடு. ஒரு காலத்தில் காட்டுத்தீயும், ஓடையில் அணை கட்டும் பீவர் என்ற விலங்கும், புயலும் செய்த வேலையை இப்போது ரம்பமும், திட்டமிட்டு வைக்கும் நெருப்பும் செய்கின்றன.

வெட்டிய இடத்தைச் சுற்றிச் சில இடங்களில் எட்டடி உயரக் கம்பி வேலி இருக்கும். ஆள் வராமல் இருக்க என்று நினைத்தேன். மான் வராமல் இருக்கவாம். வேலிக்கு ஒரு பக்கம் நின்று பார்த்தால் விஷயம் சட்டென்று புரியும். உள்ளே கன்றுகள் நெருக்கியடித்துக்கொண்டு தோளுயரம். வெளியே பெரிய மரங்களும், கீழே முழங்காலளவு பெரணிச் செடியும், நடுவில் ஒன்றுமே இல்லை. பெரணியை மான் தொடாது. மற்ற எல்லாவற்றையும் முளையிலேயே கிள்ளித் தின்றுவிடும். கிழமரம் விழுந்தால் அந்த இடத்துக்கு வர வாரிசு மரம் இல்லை. ஓநாயும் மலைச் சிங்கமும் இல்லாத காட்டில் மானைக் குறைக்கிற வேலை மனிதனிடம் வந்துவிட்டது. சமீப வருஷங்களில் இந்த மாநிலத்தில் மட்டும் ஒரு பருவத்தில் நான்கு லட்சம் மானுக்கு மேல் சுடுகிறார்கள். அப்படியும் இந்த வேலி தேவைப்படுகிறது. மானுக்காக ஆரம்பித்த நிலத்தில் மானைத் தடுக்க வேலி என்பது எனக்கு இன்னும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

வேட்டைக்குச் சம்பந்தமே இல்லாமல் ஒரு கேம் கமிஷன் நிலத்தைப் பார்க்க வேண்டுமென்றால், பிப்ரவரிக் கடைசியில் மிடில் கிரீக்குக்குப் போங்கள். லங்காஸ்டர், லெபனான் மாவட்டங்களின் எல்லையில் 6,000 ஏக்கருக்கு மேல். நடுவில் 1970-களில் பறவைக்காகவே தேக்கிய ஆழமில்லாத ஏரி. வடதுருவத்துக்குத் திரும்பும் பனிவாத்துகள் வழியில் இங்கே தங்கும். நல்ல வருஷத்தில் ஒரே நேரத்தில் லட்சத்துக்கு மேல். வில்லோ பாயின்ட் என்ற முனைக்குத் தார் போட்ட பாதை. தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கூடப் போகலாம். ஏரிமேல் பனி கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்; ஒரு கழுகு குறுக்கே போகும், அந்தப் பனி மொத்தமாக எழும்பும். தகரக் கூரையில் திடீர் மழை பிடித்த மாதிரி சத்தம், அதோடு ஆயிரக்கணக்கான குரைப்பு. ஏரியைச் சுற்றிப் பெரும்பகுதிக்குள் வேட்டைக்காரர், பறவை பார்ப்பவர் யாருமே போகக் கூடாது. சுற்று வட்டாரத்தில் மக்காச்சோளமும் புல்லும் வாத்துக்காகவே விளைகின்றன. விடியலில் அங்கே நிற்கும் நூறு காமிராக்காரர்களில் லைசென்ஸ் வாங்கியவர் எத்தனை பேர் என்று நான் கேட்டதில்லை. பார்த்தால் குறைவு என்றே தெரிகிறது.

இவர்கள் எல்லாவற்றையும் சரியாகச் செய்தார்கள் என்று சொல்ல வரவில்லை. 1929-ல் இதே கேம் கமிஷன் காஷாக் என்னும் வல்லூறு இனப் பருந்தைச் சுட்டுக் கொண்டுவந்தால் தலைக்கு 5 டாலர் கொடுத்தது. வேட்டைப் பறவைகளை அது தின்கிறதாம். இலையுதிர் காலத்தில் வலசை போகும் பருந்துகள் கிட்டாட்டினி மலைமுகட்டை ஒட்டித் தாழப் பறக்கும். ஆட்கள் முகட்டில் உட்கார்ந்து நூற்றுக்கணக்கில் சுட்டுத் தள்ளினார்கள். ரோசலி எட்ஜ் என்ற நியூயார்க் அம்மையார் 1934-ல் அந்த மலையைக் குத்தகைக்கு எடுத்து, காவலாள் போட்டு நிறுத்தினார். இன்றைக்கு அதுதான் புகழ்பெற்ற ஹாக் மவுன்டன் சரணாலயம். அரசு நிலம் இல்லை, தனியார் அறக்கட்டளை. அன்று தலைக்கு விலை வைத்த பருந்து இன்று அதே ஆணையத்தின் அழியும் இனப் பட்டியலில் இருக்கிறது.

ஃபெசன்ட் கதையும் எனக்கு ஒட்டவில்லை. ஆசியாவிலிருந்து வந்த அழகான கோழி. காட்டில் தானாக அனேகமாக இல்லாமல் போய்விட்டது. பண்ணையில் வருஷம் இரண்டு லட்சம் வளர்த்து, பருவத்தில் கேம் லேண்ட்ஸில் கொண்டுவந்து விடுகிறார்கள், அடுத்த நாள் சுடுகிறார்கள். அதை வனவிலங்குப் பாதுகாப்பு என்று யாரும் சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். குறைந்தபட்சம் 2017 முதல் அதற்குத் தனி அனுமதிச்சீட்டு வைத்து, சுடுகிறவரிடமே அந்தச் செலவை வாங்குகிறார்கள்.

நம் ஆட்களுக்கு இதெல்லாம் உறுத்தக் காரணம் இருக்கிறது. 1972 வனவிலங்குச் சட்டத்துக்கும் அதன் 1991 திருத்தத்துக்கும் பின் இந்தியாவில் பொழுதுபோக்கு வேட்டை என்பதே குற்றம். காடு என்றால் சரணாலயம், வேட்டை என்றால் திருட்டு என்றே வளர்ந்திருக்கிறோம். அதற்கு முன் நீலகிரியில் கிட்டத்தட்ட இதே ஏற்பாடு இருந்தது: 1877-ல் வேட்டைக்காரர்கள் சங்கம், 1879-ல் பருவமும் உரிமமும் வைத்த சட்டம். வரையாடு மிஞ்சியதில் அதற்கும் பங்கு உண்டு. ஆனால் அது துரைமார்களின் சங்கம். மலையில் இருந்தவர்களுக்கு உரிமை போயிற்று. பென்சில்வேனியாவில் வித்தியாசம் இதுதான்: சுரங்கத் தொழிலாளியும் லாரி ஓட்டுநரும் அதே கேட்டைத் தாண்டி, அதே 15 லட்சம் ஏக்கரில் நடக்கிறார்கள். வயதுவந்த உள்ளூர்க்காரருக்கு லைசென்ஸ் 20 டாலர் சொச்சம். 1999-ல் ஏற்றியது, அதற்கப்புறம் கால் நூற்றாண்டாகக் கிட்டத்தட்ட அதே விலை, ஏற்றச் சட்டமன்றத்துக்கு மனசு வரவில்லை.

அங்கேதான் உண்மையான பிரச்சினை முளைக்கிறது. 1980-களின் தொடக்கத்தில் 13 லட்சம் பேர் வரை இங்கே லைசென்ஸ் வாங்கினார்கள். இப்போது 9 லட்சத்துக்குக் கீழே. நாடு முழுக்க இதே கதை: 2016 கணக்கெடுப்பில் வேட்டைக்காரர் 1.15 கோடி, விலங்கு-பறவை பார்ப்பவர் 8.6 கோடி. காசு கொடுப்பவர் குறைகிறார், சும்மா வருகிறவர் பெருகுகிறார். பிட்மன்–ராபர்ட்சன் பணம் இன்னும் கொட்டுகிறது. ஆனால் அதில் பெரும்பங்கு, வேட்டை பக்கமே போகாதவர் வீட்டுக் காவலுக்கு வாங்கும் துப்பாக்கியிலிருந்தும் குறிபார்த்துச் சுட்டுப் பழகும் தோட்டாவிலிருந்தும் வருகிறது. நகரத்தில் பயம் கூடினால் காட்டுக்குப் பணம் கூடும். இதைவிட விநோதமான வனத்துறை வருமானம் எனக்குத் தெரிந்து இல்லை. பைனாகுலருக்கும் முதுகுப்பைக்கும் அதே மாதிரி வரி போடலாம் என்று பலமுறை பேச்சு வந்து, ஒவ்வொரு முறையும் படுத்துவிட்டது. என்னைக் கேட்டால் போடட்டும். இப்போதைக்கு நான் வருஷா வருஷம் 25 டாலர் கொடுத்து, மத்திய அரசு விற்கும் வாத்து முத்திரை என்ற சீட்டை வாங்குகிறேன். 1934-ல் ஒரு டாலருக்குத் தொடங்கியது. வாத்து வேட்டைக்காரருக்குக் கட்டாயம், மற்றவர்களும் வாங்கலாம்; டாலருக்கு 98 சென்ட் சதுப்பு நிலம் வாங்கப் போகிறது.

இனி, நடக்கப் போவதற்கு.

மான் துப்பாக்கிப் பருவம் தேங்க்ஸ்கிவிங் முடிந்த சனிக்கிழமை தொடங்கி இரண்டு வாரம். முன்பு திங்கட்கிழமை தொடங்கும். அன்று பல ஊர்களில் பள்ளிக்கே விடுமுறை, இன்னும் சில இடங்களில் உண்டு. நவம்பர் 15 முதல் டிசம்பர் 15 வரை கேம் லேண்ட்ஸுக்குள் வேட்டையாடாதவரும் பளீர் ஆரஞ்சு உடுத்த வேண்டும். தலை, மார்பு, முதுகு சேர்த்து 250 சதுர அங்குலம், எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் தெரிய வேண்டும். ஒரு தொப்பியும் கையில்லாச் சட்டையும் போதும், பத்து இருபது டாலரில் கிடைக்கும். நான் அக்டோபர் முதல் ஜனவரி வரை போடுகிறேன். வசந்தத்தில் வான்கோழிப் பருவம் வேறு இருக்கிறது. "ஞாயிற்றுக்கிழமை போ, வேட்டை கிடையாது" என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். 1873-லிருந்து இருந்த அந்தத் தடையை 2025-ல் நீக்கிவிட்டார்கள். எந்தெந்த ஞாயிறு என்பதை ஆணையம் அறிவிக்கும், பார்த்துக்கொண்டு போங்கள்.

வீட்டுக்குப் பயப்பட வேண்டாம். ஆள் குடியிருக்கும் கட்டடத்திலிருந்து 150 கஜத்துக்குள் துப்பாக்கி வேட்டை கூடாது. வில் என்றால் 50 கஜம். கேம் லேண்ட்ஸ் எல்லையை மரத்தில் வெள்ளைப் பூச்சால் குறித்திருப்பார்கள். முதல் வாரமே போய் அந்த மரங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிடுங்கள். நாளின் நடுப்பகுதியில் போங்கள், விடியலும் அந்தியும் வேட்டைக்காரருக்கு முக்கியம். யாராவது மரத்தடியில் அசையாமல் உட்கார்ந்திருந்தால் கையை மட்டும் அசைத்துவிட்டு வேறு பக்கம் திரும்புங்கள். பேச்சுக் கொடுக்காதீர்கள், அவர் மூன்று மணிநேரமாக அப்படி உட்கார்ந்திருப்பார். ட்ரோன் பறக்கவிடக் கூடாது.

துப்பாக்கியைவிட எனக்கு பயம் உண்ணி. எள்ளளவு இருக்கும், லைம் நோயைக் கொடுக்கும், இந்த மாநிலத்தில் அது ஏராளம். பேன்ட்டைச் சாக்ஸுக்குள் செருகிக்கொண்டு போங்கள். வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், காது மடலுக்குப் பின்னால், பிள்ளைகளின் தலைமுடிக்குள் தடவிப் பாருங்கள்.

அப்புறம், டிசம்பரில் ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர் வெள்ளைக் காகிதத்தில் சுற்றிய பொட்டலத்தோடு கதவைத் தட்டுவார். மான் இறைச்சி. இங்கே அதை விற்கச் சட்டம் விடாது, கொடுக்கலாம். மிஞ்சியதை ஏழைகளின் உணவு வங்கிக்குக் கொடுக்கவே 1991-லிருந்து ஒரு ஏற்பாடு நடக்கிறது. சாப்பிடாதவர் என்றால் அப்படியே சொல்லிவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார். சாப்பிடுகிறவர் என்றால் எந்த மாவட்டத்து மான் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மானின் மூளையை அரிக்கும் ஒரு நோய் 2012 முதல் இங்கே சில பகுதிகளில் இருக்கிறது, அங்கே சுட்டதைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டுச் சமைப்பது நல்லது. கொழுப்பே இல்லாத கறி, ஆட்டுக்கறி மாதிரி நினைத்து அடுப்பில் விட்டால் செருப்புத்தோல் ஆகிவிடும். நல்லெண்ணெய் தாராளமாக விட்டு, மிளகு தூக்கலாகப் போட்டு, குக்கரில் நாலு விசில் கூடுதலாக வையுங்கள்.